பத்து மணி மாத்திரை

லாரிகளை எடை போடும் மேடையில் ஆறு வருடமாக வேலை பார்ப்பவளை ஓட்டுநர்கள் ‘தராசு’ என்றுதான் கூப்பிடுவார்கள். பத்து கிலோ குறைத்து எழுதச் சொல்லிக் கெஞ்சினாலும் எழுத மாட்டாள்.

வயிற்றில் ஆறாம் மாதம் ஏறியதும் உலகம் மெல்ல மிதக்கத் தொடங்கியது. லாரிகள் திமிங்கிலங்களைப் போல ஓசையின்றி வந்து மேடையில் படுத்தன. கண்ணாடிக்கு அப்பால் சிவப்பு எண்கள் தயங்கி, அசைந்து, ஒரு முடிவுக்கு வந்தன. அவளும் கூடவே அசைந்தாள். சுகமாகத்தான் இருந்தது. சுகாதார நிலைய நர்ஸ் அதற்கு ரத்தசோகை என்று பெயர் வைத்தார்.

“ரத்தம் எட்டுதான் இருக்கு. பத்தைத் தொடலேன்னா இங்க பிரசவம் பாக்க மாட்டோம். பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான்.”

பெரிய ஆஸ்பத்திரியில் கணவன்மாரை வாசலோடு நிறுத்திவிடுவார்கள். அங்கே தனியாகப் படுத்திருக்க அவளுக்கு மனமில்லை.

கணவன் ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறவன். வீட்டில் கீரையைப் பிசைந்தான்.

“இது எனக்கா, மாட்டுக்கா?”

“ரெண்டு பேருக்கும்தான். பேசாம மெல்லு.”

இரும்புச்சத்து மாத்திரையை அவள் ஒரு நாளும் தவறவிடவில்லை. ஒரு மாதம் கழித்து ரத்தம் அதே எட்டில் நின்றது.

“மாத்திரையை எங்க கொட்டுற? செடிக்கா, சாக்கடைக்கா?”

தராசுக்கு ரோஷம் வந்தது. “டாண்ணு பத்து மணிக்குப் போடுறேன்க்கா.”

“எதைக் குடிச்சு முழுங்குற?”

“டீதான். டீ வந்தாத்தானே மாத்திரை ஞாபகம் வருது?”

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தார். “அட போம்மா! அந்தச் சத்தை உடம்புல சேர விடாம டீயே புடிச்சு வச்சுக்கும். முன்னாடி ரெண்டு மணி நேரம், பின்னாடி ரெண்டு மணி நேரம் டீ பக்கமே போகாத. எலுமிச்சைச் சாறோட போடு.”

ஒழுங்கில்லாதவளாக இருந்திருந்தால், பாதி நாள் மறந்து, அப்புறம் பச்சைத் தண்ணீரோடு விழுங்கித் தேறியிருப்பாள். அவளைக் கவிழ்த்தது ஒழுங்குதான்.

மாத்திரை பன்னிரண்டு மணிக்கு மாறியது. கண்ணாடி ஜன்னலில் ஓட்டுநர் ஒருவர் தட்டுவார்: “தராசு, டீ ஆறுது!”

“ஆறட்டும்ணே. ரெண்டு மணிக்கு மேலதான் எனக்கும் டீக்கும் பேச்சுவார்த்தை.”

“மாமியார் சண்டைகூட இவ்வளவு நாள் இழுக்காதும்மா.”

நாலு வாரம். மிதப்பு குறைந்தது, லாரிகள் உறுமத் தொடங்கின. அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

எட்டாம் மாதப் பரிசோதனையில் நர்ஸ் சீட்டை இரண்டு தடவை பார்த்தார். “பத்து புள்ளி ரெண்டு. இங்கயே பெத்துக்கோ.”

“எந்தக் கட்டில்க்கா?”

“ஜன்னலோரம். இப்பவே எதுக்கு?”

“சும்மா படுத்துப் பாக்கறேனே.”

இடப்பக்கமாக ஒருக்களித்தாள். திரைச்சீலை காற்றில் உப்பி அடங்கியது. உள்ளே குழந்தை புரண்டது. கூட வந்து முக்காலியில் உட்கார்ந்த கணவன் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் தூங்கிப்போனாள். பெண்கள் வரிசையில் காத்திருந்தார்கள். எழுப்பப் போன நர்ஸ் திரைச்சீலையை இழுத்துவிட்டு, அடுத்த பெண்ணைப் பக்கத்துக் கட்டிலுக்குக் கூப்பிட்டார்.