தாலி ஏறும்போது உட்காரச் சொன்ன கண்ணாடி

விமான டிக்கெட் வரும் என்று காத்திருந்தோம், கண்ணாடி வந்தது.

தம்பி அமெரிக்கா போய் இருபத்தைந்து வருஷம். தன் மகள் கல்யாணத்துக்கு எங்கள் அப்பா நைனாவை அழைத்துக்கொள்வான் என்று நானும் நம்பினேன், மடையன். "இந்த வயசுல அவ்ளோ தூரம் ரிஸ்க்குண்ணா" என்று சொல்லிவிட்டு, படம் காட்டும் மூக்குக்கண்ணாடி ஒன்றை அனுப்பிவைத்தான். மாட்டிக்கொண்டால் கண்ணுக்கெதிரே சினிமாத் திரை விரியுமாம். நைனாவின் ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, மறு கண்ணில் இன்னும் எடுக்கவில்லை. டிவி அவருக்கு வெறும் புகை. அவர் கேட்டது ஒன்றுதான்: பேத்தி கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்க வேண்டும்.

திருப்பதி கண் டாக்டர், பார்க்கட்டும், அரை மணிக்கொருமுறை கழற்றட்டும், தலை சுற்றினால் உடனே கழற்றட்டும் என்றார். கூரியர் ஆபீசில் பெட்டியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வடமாலபேட்டை தாண்டும்போது பிரித்தேன். கருவண்டு முதுகு மாதிரி ஒரு மினுக்கல். கூடவே குறிப்புக் காகிதம், பன்னிரண்டு பாஷையில். தமிழும் கிடையாது, தெலுங்கும் கிடையாது. நமக்கெல்லாம் கண் இருப்பதாக அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

புத்தூர் வீட்டுக்கு வந்ததும் தம்பி போன் ஸ்பீக்கரில் உபதேசம் செய்தான்.

"மூக்குல உக்கார்ற ரப்பர மாத்துண்ணா. ரெண்டு பக்கமும் சின்னத் திருகு இருக்கும், எழுத்து தெளியற வரைக்கும் திருப்பு. வெளிச்சத்தைக் கொறச்சு வையி. வயரு கால்ல சிக்காம பாத்துக்கோ. மாட்டிக்கினு எழுந்திருக்கவே கூடாது. விழுந்துடுவாரு."

"விழுந்தா இன்னாடா?" என்றார் நைனா. "ஊர்ல இருக்கறவன்லாம் எலும்ப ஒடச்சிக்கினு கட்டு போட்டுக்க புத்தூருக்குத்தான் வரான். நான் நாலு வீடு நடந்தா போதும்."

"நைனா, சிரிக்கிற விஷயமில்ல."

"சிரிக்கல. உன் கல்யாணத்துல நீயே நின்னுக்கினு இருந்தியா, இல்ல அதுவும் போட்டாவா?"

தம்பி வேறு வேலை வந்ததாகச் சொல்லி வைத்துவிட்டான்.

அங்கே சனிக்கிழமை சாயங்காலம், இங்கே ஞாயிறு விடிந்த நேரம். மண்டபம் கிடைத்த நேரமே முகூர்த்தம். கிரகங்களும் வாடகைக்குக் கட்டுப்பட்டவை. நைனா குளித்து, புது வேட்டி கட்டி, கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்தார். மடியில் மஞ்சள் அரிசித் தட்டு. சாமிக்கு என்று நினைத்தேன். வயரைப் போனில் சொருகி, அங்கிருந்து வரும் கல்யாண வீடியோவைப் போட்டு, ஸ்டூலில் வைத்தேன். கண்ணாடியை அவருக்கு மாட்டி, திருகைத் திருப்பினேன்.

"ஐயோ, எவ்ளோ கிட்டடா! மூக்குத்திக் கல்லு தெரியுது."

கண்ணாடிக்குள் எதையோ பார்த்து ஒரு கிழவர் சிரிக்கிறார். எதிரே நான் நிற்கிறேன், எனக்குத் தெரிவது இரண்டு கறுப்புச் சில்லு. பெற்றவனைக் கூப்பிடாமல் விடுவதற்கு எவ்வளவு நேர்த்தியான சாமான்!

கெட்டிமேளம் அவர் காதோரம் அலறியது. நைனா எழுந்துவிட்டார். எழாமல்? தாலி ஏறும்போது குந்திக்கொண்டிருந்த மனுஷன் இந்தச் சீமையில் எவன்? பன்னிரண்டு பாஷையில் எழுதினவன் ஒரு கல்யாணமாவது பார்த்திருப்பானா? அரிசியை அள்ளிக்கொண்டு, மணமேடையைப் பார்த்து ஓர் எட்டு வைத்தார். இன்னோர் எட்டு. வயர் விறைத்தது, ஸ்டூலிலிருந்து போன் விழுந்தது, வயர் கழன்றது. பாய்ந்து அவர் தோளைப் பிடித்தேன்.

"இருட்டிப் போச்சேடா!" என்றார். கை மட்டும் நிற்கவில்லை. அட்சதை முழுவதும் என் தலையில் விழுந்தது.

உட்காரவைத்து, வயரைச் சொருகி, படம் வரவைப்பதற்குள் அங்கே போட்டோவுக்கு வரிசை கட்டிவிட்டார்கள். பேத்தி கழுத்தில் தாலி கிடந்தது. ஏறிய கணம் எங்களுக்கு இல்லை.

சற்று நேரத்தில் தம்பி கூப்பிட்டான். "நைனா பாத்தாரா?"

நாக்கு நுனியில் வைத்திருந்தேன், இருபத்தைந்து வருஷத்துக்கானதை. நைனா போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"பாத்தேன்டா. கழுத்துக்குப் பக்கத்துலயே நின்னேன். நல்லா தெரிஞ்சிது." என் முடியிலிருந்து அரிசியை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே கேட்டார்: "எல்லாரும் துன்னாங்களா?"