மேட் சார்

மேட் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

வாஷிங் மெஷின் மக்கர் செய்கிறது என்று போன் செய்யும் வெளிநாட்டுக்காரர்களுக்குப் பதில் சொல்வதுதான் என் வேலை. நாலு வருடம் பெங்களூர் ஹாஸ்டலில் இருந்து செய்தேன். மகள் எங்கள் ஊர் மாரண்டஹள்ளியில் அவள் அப்பாவிடம் வளர்ந்தாள்; ஞாயிற்றுக்கிழமை மட்டும் என் முகம் பார்ப்பாள். ஒன்றாம் வகுப்பில் சேர்த்த அன்று, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான்தான் கதவைத் திறக்க வேண்டும் என்று அழுது தீர்த்தாள். கெஞ்சிக் கூத்தாடி, வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கினேன். மூன்று மாதம் சோதனைக் காலம். தேறாவிட்டால் திரும்பவும் ஹாஸ்டல்.

ஆஸ்திரேலியா ஷிஃப்ட் கொடுத்தார்கள். விடியற்காலையில் உட்கார்ந்தால் மதியம் ஒன்றரைக்கு ஹெட்போனைக் கழற்றிவிடலாம். நாலு மணிக்கு வேன் சத்தம் கேட்டதும் ஓடிப்போய்க் கதவைத் திறப்பேன். பையை வீசிவிட்டு இடுப்பில் ஏறிக்கொள்வாள். எனக்கு வேறென்ன வேண்டும்?

நடுவில் வந்து சேர்ந்தது இந்த மேட். கூட்டாளி என்று அர்த்தமாம். ஆஸ்திரேலியாவில் பேர் தெரியாத ஆளும் மேட், முதலாளியும் மேட். அவர்கள் சொன்னால் நாமும் திருப்பிச் சொல்ல வேண்டும், சார் என்றால், பதிவான பேச்சைக் கேட்டுப் போடும் மார்க் போய்விடும் என்றார் டீம் லீடரம்மா. அதையே லண்டன் பக்கம் முன்பின் தெரியாதவரிடம் சொன்னால் சிலருக்குச் சுருக்கென்று தைக்குமாம். அடிதடிக்கு முன்னாலும் அதைத்தான் சொல்வார்களாம். அமெரிக்காவில் அந்தச் சொல்லைச் சீந்துவதே இல்லையாம். ஒரே இங்கிலீஷ் என்று நம்பி வருடக்கணக்கில் மனப்பாடம் செய்த எனக்கு இதெல்லாம் தலையெழுத்தா? காலண்டர் அட்டையின் பின்பக்கம் நாடு நாடாக எழுதி மேஜைக்கு மேல் ஒட்டிவைத்தேன்.

எழுதிவிடலாம், வாயில் வர வேண்டுமே! எங்கள் ஊர்க் காய்கறி மண்டியில் சட்டையைப் பிடிக்கும்போதுகூட 'ங்க' போட்டுத்தான் திட்டுவார்கள். கட்டின புருஷனையே வாங்க, போங்க என்கிறவள் நான்.

ஒருநாள் பிரிஸ்பேனிலிருந்து ஒரு பெரியவர் பேசினார். மெஷினிலிருந்து தண்ணீர் இறங்கவில்லை. வார்த்தைக்கு வார்த்தை மேட் போட்டார், சார் எல்லாம் வேண்டாம் என்று அவரே சொன்னார். மூச்சை இழுத்துக்கொண்டு, "யெஸ், மேட்" என்றேன். சொல்லிவிட்டோமே என்று நான் நிம்மதியாகும் முன்பே, "சார்" என்று முடித்தது இந்தப் பாழாய்ப்போன வாய். மேட் சார்! இருமல் வரும்வரை சிரித்தார் மனிதர். ஃபில்டரைக் கழற்றச் சொன்னேன். ஒரு சட்டைப் பொத்தான் விழுந்தது. தண்ணீர் இறங்கியது. சந்தோஷமாகத்தான் போனை வைத்தார்.

மறுநாள் டீம் லீடரம்மா கூப்பிட்டார். "மெஷின் ஓடுச்சு, சரி. சார் சொன்னதுக்கு மார்க் கட். இது மூணாவது தடவை. இன்னொரு சார் வந்துச்சுன்னா பெங்களூருக்குப் பெட்டியைக் கட்டிக்குங்க."

"வயசானவருங்க மேடம், எப்டிங்க..."

"பாருங்க, இதுலயே ரெண்டு ங்க!"

தக்காளி லோடு இறக்கிவிட்டு வந்த என் வீட்டுக்காரருக்கு இதைக் கேட்டு ஒரே சிரிப்பு. "என்னையே மேட்டுன்னு கூப்புட்டுப் பழகேன். வா மேட்டு, சோறு தின்னு மேட்டு."

"உங்களுக்கு வெளையாட்டா இருக்குதுங்களா? புள்ளைய வுட்டுட்டு நானில்ல போவணும்?"

சிரிப்பை நிறுத்திக்கொண்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவர்தான் மேட். "இந்தா மேட்" என்று குழம்பை ஊற்றும்போதெல்லாம் கூச்சத்தில் உடம்பு குறுகும். மகளுக்கோ கொண்டாட்டம்; அப்பாவும் மேட், நானும் மேட், பக்கத்து வீட்டு ஆடும் மேட்.

கடைசி மாதம் ஒரு சார்கூட வாயில் வரவில்லை. வேலை உறுதி என்று மெயில் வந்தது. மகளைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினேன். சாயந்திரம் டீம் லீடரம்மா பேசினார்.

"சூப்பர்மா! நல்லாத் தேறிட்டீங்க. திங்கக்கிழமையிலேருந்து உங்களை லண்டன் லைனுக்குப் போட்டிருக்கேன். அங்க மேட்டு வாயிலயே வரக்கூடாது. தாராளமா சார் சொல்லுங்க."

"டைம் எப்டிங்க மேடம்?"

"மத்தியானம் ஒண்ணரையிலேருந்து ராத்திரி பத்தரை."

ஆஸ்திரேலியாவே போதும் என்று அழாத குறையாகக் கேட்டேன். தேறினவர்களுக்குத்தான் லண்டன் கிடைக்கும் என்றார், ஏதோ பரிசு கொடுத்ததைப் போல. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் காலண்டர் அட்டையைக் கிழித்துப் போட்டேன்.

இப்போதும் நாலு மணிக்கு வேன் சத்தம் கேட்கிறது. வாசல் கதவை அவள் அப்பா திறக்கிறார். அவள் நேராக என் அறைக்கு ஓடிவந்து தட்டுகிறாள்.

"மேட், கதவத் தொற மேட்."

நான் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "யெஸ் சார்" என்கிறேன்.