கல்யாணம் என்றால் கடல் தாண்டலாம்

என் மகள் தர்ஷினி பல்கலைக்கழகத்தில் சேர்ந்த சில மாதங்களிலேயே, தேநீர்க் கோப்பையை என் கையிலிருந்து இரண்டு கையாலும் வாங்க ஆரம்பித்தாள். கோயிலில் பிரசாதம் வாங்குவது மாதிரி. முதல் தடவை அப்படி வாங்கியபோது கையில் ஏதோ அடிபட்டிருக்கிறது என்று பயந்து, முழங்கை வரை தடவிப் பார்த்தேன். "ஒன்னும் இல்லம்மா. கொரியாவுல பெரியவங்ககிட்ட இப்படித்தான் வாங்கணும்" என்றாள். மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கம், பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு வரிசை வீடு எங்களுடையது. அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார், அம்மா தமிழ்ப்பள்ளி கெண்டினில் மீ நூடுல்ஸ் பிரட்டுகிறாள், பிள்ளை கொரிய முறைப்படி தேநீர் வாங்குகிறது. முசிறியிலிருந்து இதை வாசிக்கிற என் சொந்தக்காரர்களுக்குச் சிரிப்பு வரும். சிரித்துவிட்டு மீதியையும் வாசியுங்கள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பயப்படுவது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி. வெளியே போனால் அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருவேன். இரும்புக் கதவுக்கு ஒரு பூட்டு போதாது என்று இரண்டு போடுவேன். இப்படிப்பட்டவளைத்தான் இருபத்தைந்து வருடங்களுக்கு முன்னால், போட்டோவில் மட்டும் பார்த்த மாப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்து இந்த நாட்டுக்கு அனுப்பினார்கள். மலாய் ஒரு வார்த்தை தெரியாது. கடையில் உப்பு வாங்க, வீட்டிலிருந்து கொஞ்சம் உப்பை முந்தானையில் முடிந்துகொண்டு போய்க் காட்டினேன். கடைக்காரர் அதை விற்க வந்தேன் என்று நினைத்து, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

பல்கலைக்கழகத்தில் பதிவு செய்யும் நாளும் அப்படித்தான் தொடங்கியது. முகப்பில் இருந்த மலாய்க்கார அம்மா எங்களைப் பார்த்ததும், என்ன படிப்பு என்று கேட்காமலேயே, தமிழ் படிக்கிற இந்தியப் பிரிவு அந்தப் பக்கம் என்று சிரித்த முகத்தோடு கை காட்டினார். நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கமே நடந்தேன். சொன்னால் கேட்டுக்கொள்வது என் பழக்கம். தர்ஷினி நகரவில்லை. "கொரிய மொழியும் பண்பாடும்" என்று மலாயில் நிறுத்திச் சொன்னாள். அந்த அம்மா என்னைப் பார்த்தார், பிள்ளை விளையாடுகிறதா என்பது போல. அப்போதுதான் எனக்குள் ஏதோ சுருக்கென்றது. அதுவரை அந்தப் படிப்பு எனக்கும் பிடிக்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன். அந்தப் பார்வைக்குப் பிறகு பிடித்துவிட்டது. பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் நின்றேன்.

கெண்டினில் ஆசிரியைகள் கேட்பார்கள், தமிழ் படித்தால் டீச்சர் ஆகலாமே, ஏன் செல்வி இப்படி விட்டுவிட்டாய் என்று. என் வீட்டுக்காரரின் அண்ணன் கேட்கிற விதம் வேறு. தர்ஷினிக்குப் பெரியப்பா, செரண்டாவில் தொழிற்சாலை சூப்பர்வைசர், எங்கள் வீட்டில் நல்லது கெட்டதுக்கெல்லாம் அவர் சொல்தான் கடைசிச் சொல். "நாடகம் பாக்கறதுக்கு டிகிரியா? படிச்சு முடிச்சுட்டு என்ன, பாசார் மாலாம்ல தோக்போக்கி விக்கப் போறாளா?" என்றார். இரவுச் சந்தையில் மலாய்ப் பையன்கள் விற்கிற அந்தக் காரமான அரிசிமாவுப் பண்டம்தான் அவருக்குத் தெரிந்த கொரியா.

மூன்றாம் வருடம் வந்தது. அந்தப் படிப்பில் ஒரு வருடம் கொரியாவுக்கே போய்ப் படிக்க வேண்டும், இடமும் கிடைத்துவிட்டது. பெற்றோர் சம்மதம் மட்டும் பாக்கி. போகவிட்டால் படிப்பு முழுசாகும், இல்லையென்றால் வேறு பாடத்துக்கு மாற வேண்டியதுதான். எனக்குத் தூக்கம் போனது. பனியில் வழுக்கி விழுந்தால்? மாட்டிறைச்சி தெரியாமல் தட்டில் விழுந்தால்? இதைக் கேட்டபோது தர்ஷினி சொன்ன பதில்: "மாட்டிறைச்சி போடாதீங்கன்னு சொல்லத்தானேம்மா இவ்வளவு நாளா மொழி படிக்கிறேன்." பெரியப்பாவோ, தீபாவளிக்கு முதல் நாள் படையலுக்கு வருகிறேன், அன்றைக்குப் பேசி முடித்துவிடலாம் என்று போனில் சொல்லிவிட்டார். முடிப்பது என்றால் வேண்டாம் என்பது.

அதே நாளில் தர்ஷினி தன் பேராசிரியை கிம் என்பவரையும் வீட்டுக்கு அழைத்திருந்தாள். கோலசிலாங்கூர் மின்மினிப் பூச்சிகளைப் பார்க்க வருகிறவர், மத்தியானம் நம் படையலையும் பார்க்கட்டும் என்று. அன்று காலையில் வந்த பெரியப்பா இதைக் கேட்டுப் பதறிப்போனார். தீபாவளிக்கு முதல் நாள் செத்தவர்களுக்கு அவர்கள் ஆசைப்பட்டதைப் படைப்பது இங்கே எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். என் மாமனார் தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக இருந்தவர். அவருக்குக் கோழிப் பிரட்டல், கருவாட்டுச் சம்பல், ஒரு பாட்டில் ஸ்டவுட், அந்தக் கறுப்பு பீர். "படிச்ச பொம்பள வர்றா. தோட்டத்து ஆளுங்கன்னா குடிகாரனுங்கன்னு நெனச்சுட்டுப் போயிருவா. எல்லாத்தையும் உள்ள வை" என்றார். நானும் வைத்தேன். கோழிச் சட்டியை மூடினேன், பாட்டிலைத் துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் ஒளித்து மேலே ஈரத் துண்டைப் போட்டேன். உயிரோடு இருந்தபோது ஒரு நாளும் சைவம் தொடாத மனிதருக்கு, செத்த பிறகு சாம்பாரும் பாயசமும்.

கிம் ஒல்லியான, நடுவயதுப் பெண். செருப்பை வாசலில் நேராகத் திருப்பி வைத்துவிட்டு உள்ளே வந்தார். மாமனார் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்று படையல் இலையைப் பார்த்தார். பிறகு தர்ஷினியிடம் ஏதோ கேட்டார். தாத்தாவுக்கு எது பிடிக்கும் என்று கேட்டாராம். அந்தப் பிள்ளைக்குப் பொய் வராது. அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, கிம் இலையைப் பார்க்கிறார், எங்களைப் பார்க்கிறார். தர்ஷினி சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தாள்.

"அப்ப பாட்டில் எங்கேன்னு கேக்கறாங்க, பெரியப்பா. அவங்க வீட்டுல அப்பாவுக்குக் கும்பிடறப்போ மொதல்ல ஊத்தறதே அதுதானாம். அது இல்லாம ஆரம்பிக்கவே மாட்டாங்களாம்."

என் வீட்டுக்காரர்தான் போய்ப் பாட்டிலை எடுத்து வந்தார், துண்டோடு. கோழிச் சட்டியை நான் திறந்தேன். கிம் ஸ்டவுட்டைக் கோப்பையில் ஊற்றி, இரண்டு கையாலும் பிடித்துச் சாம்பிராணிப் புகைமேல் மெல்லச் சுற்றினார். தானே இலையில் வைக்கவில்லை. மூத்த மகன் எவரோ அவர்தான் வைக்க வேண்டும் என்று பெரியப்பா பக்கம் நீட்டினார். பெரியப்பா வலது கையை நீட்டினார். ஒரு கணம் கழித்து இடது கையும் தானாகக் கூட வந்தது. கிம் தரையில் மண்டியிட்டு, நெற்றி தரையில் பட, இரண்டு முறை கும்பிட்டார்.

பிறகு வழக்கம்போல எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். கிம் ஏன் என்று கேட்டார். வந்தவர்கள் கூச்சமில்லாமல் சாப்பிட வேண்டும், அதற்குத்தான் என்றாள் தர்ஷினி. தங்கள் ஊரில் கதவைத் திறந்து வைப்பார்களாம், வருகிறவர்களுக்கு வழி வேண்டும் என்று. "அப்ப ரெண்டும் வேணும்லா" என்றார் என் வீட்டுக்காரர். "மொதல்ல வரணும், அப்புறம் நிம்மதியா சாப்பிடணும்."

சாப்பாடு முடிந்து தர்ஷினி கிம்மை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனாள். பெரியப்பா கை கழுவிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நல்ல பொம்பளதான், அது வேற, இது வேற என்றார். வயசுப் பிள்ளையைக் கடல் தாண்டித் தனியா அனுப்புறதுக்கு நம்ம குடும்பத்துல வழக்கம் இல்ல என்றார். நான் அவர் எதிரே போய் நின்று பேசினேன்.

"மாமா, நானும் கடல் தாண்டித்தான் வந்தேன். இவ வயசுதான் எனக்கு. நீங்கதான் முசிறிக்கு வந்து பேசி முடிச்சீங்க. பாஷை தெரியுமான்னு யாரும் கேக்கல, தனியா இருப்பாளான்னு யாரும் கேக்கல. கல்யாணம்னா அனுப்பலாம், படிப்புன்னா அனுப்பக் கூடாதா? இவ பாஷை படிச்சுட்டுப் போறா. நான் உப்ப முடிஞ்சுக்கிட்டுப் போன மாதிரி இவ போக வேண்டாம்."

பெரியப்பா எழுந்து, "உங்க இஷ்டம்" என்று சொல்லி மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோபம்தான். இருக்கட்டும். சம்மதம் என்று நானே என் கையால் எழுதிக் கொடுத்தேன்.

பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை என்று இங்கேயும் அங்கேயும் சொல்கிறார்கள். என்னைப் போல வாக்கப்பட்டு இங்கே வந்து சேர்ந்த பெண்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். பயம் போன பிறகு அனுப்பலாம் என்று காத்திருக்காதீர்கள், அது போகாது. எனக்கு இன்றும் போகவில்லை. அவள் போன் எடுக்கத் தாமதமானால் எடுக்கிற வரை திரும்பத் திரும்ப அடிக்கிறேன். ஆனாலும் அனுப்பியது அனுப்பியதுதான்.

இந்த வருடப் படையலுக்குப் பெரியப்பா வந்தார். குளிர் நாட்டுக்குப் பிள்ளையை அனுப்பிட்டு நீ எப்படித் தூங்குற என்று நுழையும்போதே முணுமுணுத்தார். ஆனால் பாட்டிலை அவரே வாங்கி வந்திருந்தார், பையில் மறைக்காமல். தர்ஷினி போனில் அங்கிருந்து, "தாத்தாவுக்கு ஊத்தியாச்சா?" என்று கேட்டாள். ஊற்றியாச்சு என்றேன். எல்லோரும் வெளியே போனார்கள். சாத்த வேண்டியது நான். முசிறியில் என் அப்பா செத்தபோது என்னால் போக முடியவில்லை. கட்டிக் கொடுத்த பெண் போடுகிற இலைக்கு அவர் இவ்வளவு தூரம் வருவாரா என்றும் தெரியாது. இரட்டைக் கதவில் ஒன்றை மட்டும் சாத்தினேன். மற்றதைத் திறந்தே விட்டேன். இரும்புக் கதவின் இரண்டு பூட்டும் அன்று போடாமல் என் கையில்தான் இருந்தன.