கிறிஸ்துமஸுக்குக் கிடைத்த வெட்ஜ்

உங்களுக்கு இனி உதவாது என்று தெரிந்த பொருளை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, அதற்கு ஈகை என்று எத்தனை முறை பெயர் வைத்திருக்கிறீர்கள்? யோசித்துக்கொண்டே அசரியாவின் கதையைக் கேளுங்கள்.

அசரியாவுக்கு நாற்பத்தொரு வயது. கோவிலம்பாக்கத்தில் வீடு. இருபத்திரண்டு ஆண்டுகளாக கோல்ஃப் மைதானத்தில் கேடி வேலை. ஆடுகிறவரின் பையைச் சுமப்பதோடு, எந்த மட்டையை எடுக்கலாம் என்றும் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை உறுப்பினர்கள் வருவதில்லை; அன்று கேடிகள் ஆடிக்கொள்ளலாம். அப்படி ஆடியே நல்ல ஆட்டக்காரராகிவிட்டார். இப்போது வலது முழங்காலில் சவ்வு தேய்ந்துவிட்டது. இனிப் பை தூக்கக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அந்த வாரம்தான் அறிவிப்பு வந்தது. கேடிகளுக்கான போட்டியில் முதலில் வருகிறவருக்குத் துணைப் பயிற்சியாளர் வேலை. ஒரே ஓர் இடம்.

அறிவிப்பு மூன்று பக்கம், முழுக்க ஆங்கிலம். கேடிகள் தேதியை மட்டும் விசாரித்துக்கொண்டார்கள். வியாழக்கிழமை மாலை அசரியாவின் மனைவி தபீதாள் அதைக் கடைசி வரி வரை படித்தார். தாம்பரம் சானடோரியத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் அளவு சரிபார்ப்பது அவர் வேலை. பொடி எழுத்தைத் தாண்டிப் போகும் பழக்கம் அவருக்கு இல்லை.

"ஏங்க, உங்க வெட்ஜ் எந்த வருஷத்துது?"

"சத்யநாராயணன் சார் குடுத்தது. ஏன்?"

"யார் குடுத்தாங்கன்னு கேக்கல. செஞ்ச வருஷம்."

கிட்டத்திலிருந்து பந்தை உயரத் தூக்கிப் போடும் மட்டைதான் வெட்ஜ். அதன் முகத்தில் வரிவரியாகப் பள்ளங்கள் இருக்கும். பழைய வெட்ஜின் பள்ளம் புல்லுக்குள்ளிருந்தும் பந்தைக் கவ்விச் சுழற்றும்; பந்து விழுந்த இடத்திலேயே நிற்கும். 2010இல் விதி மாறியது. பள்ளங்கள் சிறுத்தன, விளிம்புகள் மழுங்கின. பழையதைச் சாதாரண ஆட்டத்தில் வைத்துக்கொள்ளலாம். புது விதியை ஏற்ற போட்டிகளில் கூடாது; இந்தப் போட்டியும் அதில் ஒன்று என்று அறிவிப்பின் பொடி எழுத்து சொன்னது. பந்து நிற்காமல் ஓடத் தொடங்கவே, வசதியுள்ளவர்கள் இன்னும் சாய்ந்த முகமுள்ள புது வெட்ஜ்களுக்கு மாறினார்கள். அசரியா பை சுமந்த உறுப்பினர் சத்யநாராயணனும் அசரியாவின் யோசனையைக் கேட்டுத்தான் மாறினார். 2011 கிறிஸ்துமஸுக்குத் தன் பழைய வெட்ஜ்கள் இரண்டையும் வண்ணத்தாளில் சுற்றி, ஒன்றை அசரியாவுக்கும் மற்றதை அசரியாவின் நண்பரான இன்னொரு கேடி சவுரிமுத்துவுக்கும் கொடுத்தார். இரண்டிலும் அவர் பெயரின் முதலெழுத்துகள் பொறித்திருந்தன.

பதினாலு வருடத்தில் பள்ளம் தேய்ந்து அளவுக்குள் வந்திருக்கலாம். அந்த நம்பிக்கையில் தபீதாள் வெள்ளிக்கிழமை வெட்ஜைத் துண்டில் சுற்றி வேலைக்கு எடுத்துப் போனார்.

"இன்னா அக்கா, சூப்பர்வைசர ஒரு கை பாக்கப் போறியா?" என்றார் வாசல் காவலர்.

"வாய மூடலன்னா முதல் அடி உனக்குத்தான்."

நிழலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியில் வைத்துப் பார்த்தார். விளிம்பு தேய்ந்திருந்தது. பள்ளம் தேயவில்லை. விதி ஒப்புக்கொள்ளும் அகலத்தைத் தாண்டியே நின்றது.

"போதகர வரச்சொல்லி ஜெபம் பண்ணலாமா?" என்று கேட்டார் அசரியா.

"பண்ணலாம். பள்ளம் சின்னதாயிடுமா?"

சனிக்கிழமை கேடிகளின் கொட்டகையில் அசரியா இதைச் சவுரிமுத்துவிடம் சொன்னார். சவுரிமுத்து சிரித்தார்.

"அவரு கமிட்டிலயே கீறாரு மச்சான். அவரு குடுத்தது தப்பா இருக்குமா? உன் வூட்டம்மா மெஷினு பெருசா, சாரு பெருசா?"

"அளந்து பாத்தாடா."

"பதினாலு வருசமா இதுலதான ஆடிக்கினு கீறோம். சும்மா பேஜார் பண்ணாத."

கொடுத்தவர் பெரிய மனிதர், ஆகவே கொடுத்த பொருளும் சரி. அளவுகோலை நம்பாமல் ஆளை நம்பும் இந்தப் புத்தியை நமக்குள் யார் விதைத்தது?

ஞாயிற்றுக்கிழமை அசரியா கேளம்பாக்கம் பக்கமுள்ள ஒரு பயிற்சிக்கூடத்தில் விதிக்குட்பட்ட வெட்ஜ் ஒன்றை வாடகைக்கு எடுத்தார். இருநூறு பந்து அடித்தார். ஒவ்வொன்றும் அவர் நினைத்த இடத்தைத் தாண்டி ஓடியது. திங்கட்கிழமை மாலை வரை வாடகை கட்டி அதை வீட்டுக்கு எடுத்து வந்தார்.

திங்கட்கிழமை போட்டி. ஒன்பதாவது குழியருகே, வெளியிலிருந்து வந்த நடுவர் பைகளைச் சோதித்தார். விதிக்குப் புறம்பான மட்டை பையில் இருப்பது குற்றமில்லை. அதைக்கொண்டு ஓர் அடி அடித்தாலும் ஆட்டக்காரர் வெளியே. சவுரிமுத்து அதற்குள் மூன்று முறை அடித்திருந்தார்.

"சார் குடுத்தது சார்," என்று, கமிட்டி சார்பில் அங்கே நின்ற சத்யநாராயணனைக் காட்டினார்.

அவர் வெட்ஜை வாங்கிப் பார்த்தார். தன் முதலெழுத்துகள் மேல் கட்டைவிரல் ஒரு முறை ஓடியது. "ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான், சவுரி," என்று திருப்பிக் கொடுத்தார்.

ரூல் ஒன்றுதான். தமிழில் ஒரு தாளில் எழுதி அந்தக் கொட்டகையில் ஒட்டத்தான் ஒருவருக்கும் கை வரவில்லை.

சவுரிமுத்து பையைத் தூக்கிக்கொண்டு அசரியாவைக் கடந்து போனார். "உன் வூட்டம்மா மெஷினுதான் மச்சான் பெருசு."

கடைசிக் குழி. பச்சைத் திடலுக்கு வெளியே, அடர்ந்த புல்லில் பந்து. முன்னால் மணற்குழி, அதை ஒட்டியே குழியைக் காட்டும் கொடி. இரண்டு அடியில் முடித்தால் வேலை அசரியாவுக்கு. பழைய வெட்ஜையும் கொண்டுவந்திருந்தார். ஏன் என்று அவருக்கே தெரியாது. கை முதலில் அதன் மேல்தான் போனது. விரலில் அந்த எழுத்துகள் தட்டின. கையை எடுத்துக்கொண்டார்.

வாடகை வெட்ஜால் அடித்தார். பந்து மணலைத் தாண்டி விழுந்தது, நிற்கவில்லை. பன்னிரண்டு அடி தூரம் ஓடியது. அடுத்து அடித்தபோது பந்து குழியின் விளிம்பில் நின்றது; மூன்றாவது அடியில்தான் உள்ளே விழுந்தது. வேறொரு மைதானத்துக் கேடியோடு சமநிலை. அடுத்த திங்களன்று இருவருக்கும் மறு ஆட்டம்.

வெட்ஜ் அன்று மாலையே கேளம்பாக்கத்துக்குத் திரும்பிப் போனது. அடுத்த வாரம் முழுக்க அதை வேறொருவர் கேட்டிருக்கிறாராம். பழகக் கை இருக்கிறது, மட்டை இல்லை. தபீதாள் நாள்காட்டியைப் பார்க்கிறார். அசரியா முழங்காலை நீவுகிறார்.

உங்கள் காரின் பின்பக்கத்தில் ஒரு வெட்ஜ் சும்மா கிடக்கலாம். எடுத்து, செய்த வருடத்தைப் பாருங்கள். பழையதானால், எங்கே செல்லாது என்பதையும் சொல்லிக் கொடுங்கள். புதியதானால் உங்கள் பையைச் சுமப்பவர் கையில் கொடுங்கள். போட்டி அறிவிப்பு தமிழில் எங்கே என்று உங்கள் கமிட்டியைக் கேளுங்கள். அடுத்த திங்கட்கிழமைக்குள் கேளுங்கள்.