கோபம் என்ற பெயரில்

மனநல ஆலோசகரிடம் முதன்முறை பேசிய அன்று, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, மாடியறை மேசைமுன் நிமிர்ந்து அமர்ந்திருந்தேன். கணினித் திரையில் தெரிந்தவர் மதுரைப் பக்கத்துப் பெண். என் மகளைவிட ஓரிரு வயது மூத்தவராக இருக்கலாம். என் நிலையை விளக்க மனத்துள் ஒரு பத்தியை முன்பே அமைத்து வைத்திருந்தேன். “பயணத்தை முன்னிட்டு எழும் காரணமற்ற பதற்றம், அதன் விளைவாக நேரும் மூச்சுத்தடை” என்று தொடங்கி, நிறுத்தற்குறி பிசகாமல் சொல்லி முடித்தேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். “ரொம்ப அழகாச் சொல்றீங்க சார். ஆனா உங்களுக்கு என்ன பண்ணுதுன்னு எனக்கு இன்னும் தெரியல.”

கல்லூரியில் காலமெல்லாம் விரிவுரை நிகழ்த்திய எனக்கு அது உறைத்தது.

நடந்தது இவ்வளவுதான். எங்களுடையது நாகர்கோவிலில் ஒரு பழைய புராட்டஸ்டண்டு மிஷன் சபைக் குடும்பம். என் ஒரே மகள், இதே மாவட்டத்துக் கடற்கரைக் கத்தோலிக்க வீட்டுப் பையனை மணந்துகொண்டு பெங்களூரில் வாழ்கிறாள். நான் எதிர்த்தேன், சில காலம் அவளோடு பேசவில்லை. பிறகு மனம் ஆறிற்று. மருமகன் கிறிஸ்துமஸுக்கு வந்தபோது என் பக்கத்தில் உட்காரவைத்தே சாப்பிட்டேன். அடுத்து நாங்கள் அவர்கள் வீட்டுக்குப் புறப்பட்டோம். இரணியல் நிலையத்தில் ரயில் வந்து நின்றது. மனைவி பெட்டியோடு ஏறிவிட்டாள். படியருகே நின்ற எனக்கு மார்பு இறுகிற்று, உடம்பு வேர்த்துக் கொட்டிற்று, கால் எழவில்லை. “நான் வரல்ல. நீ போ” என்று சொல்லித் திரும்பி நடந்தேன்.

மகள்மேல் எனக்கு இன்னும் கோபம் என்று மனைவி முடிவு செய்தாள். நான் மறுக்கவில்லை. அச்சத்தைவிடக் கோபம் கௌரவமானதாகத் தோன்றிற்று.

இதயத்தில் குறையில்லை என்று சோதனைகள் சொல்லின. மனநல மருத்துவரைப் பார்க்கலாம் என்றார் மருத்துவர். நாகர்கோவிலில் எந்த மருத்துவமனையில் போய் உட்கார்ந்தாலும், “சாரே, உடம்புக்கு என்ன?” என்று கேட்க என்னிடம் படித்த ஒருவர் இருப்பார். ஆகவேதான் கணினிவழி ஆலோசனை. மனைவியிடம் ஓய்வூதியர் சங்கக் கூட்டம் என்று சொல்லிவைத்தேன்.

“பென்ஷன்காரங்களுக்கு வாராவாரம் அப்படி என்ன ரகசியம்? கதவ வேற அடச்சிப் பூட்டிட்டு!” என்று அவள் மாடிப்படியில் நின்று கேலி செய்வாள்.

ஆலோசகர் மூச்சுப் பயிற்சி கற்றுத் தந்தார். நிலையத்துக்குப் போய் நடைமேடையில் சற்று அமர்ந்துவிட்டுத் திரும்பச் சொன்னார், செய்தேன். பலன் இருந்தது. ஆனால், மனைவியிடம் சொல்லுங்கள் என்ற அறிவுரையை மட்டும் நான் ஏற்கவில்லை.

“நீங்க பயம்னு சொல்லாட்டி அவங்க கோபம்னுதானே சார் நினைப்பாங்க?”

“எவ்வாறு நினைப்பது என்பது அவர்களது உரிமை” என்றேன்.

“சரி, வீட்ல அவங்ககிட்ட எப்படிப் பேசுவீங்களோ, அப்படியாவது என்கிட்ட பேசுங்களேன்.”

அதுவும் இயலவில்லை. சென்னையில் படித்த நாளில், என் பேச்சைக் கேட்டு, “மலையாளத்தான் தமிழ் பேசுறான்டா” என்று விடுதியே சிரித்தது. அன்றிலிருந்து மாவட்ட எல்லையைத் தாண்டியவர்களிடம் ஏட்டுத் தமிழில்தான் பேசுவேன்.

பேரன் பிறந்தான். பெங்களூரில் ஞானஸ்நானம் என்று முடிவாயிற்று. போய்விட வேண்டும் என்று உண்மையாகவே விரும்பினேன். இருவருக்கும் பயணச்சீட்டு எடுத்தேன். புறப்படும் காலையில் செருப்பை மாட்டும்போதே மார்பு இறுகத் தொடங்கிற்று. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் அமர்ந்தேன்.

“பச்சப் பிள்ளைக்கிட்ட என்ன கோவம் ஒங்களுக்கு?” என்று கேட்டுவிட்டு, மனைவி தன் தம்பியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனாள்.

திரும்பி வந்தவள் கைப்பேசியில் படங்களைக் காட்டினாள். சம்பந்தி பேரனை ஏந்தி நின்றார்.

“நான் ஏன் வரல்லன்னு மவ கேட்டாளா?”

“கேக்கல்ல” என்றாள். “கேக்கியத விட்டாச்சி அவ.”

அந்தச் சொல்லுக்குப் பிறகு என்னால் அடக்க முடியவில்லை.

“கோவம் இல்லட்டி. ரயிலுல ஏறணும்னாலே நெஞ்சுக்குள்ள ஒரு வெப்ராளம். இப்ப செத்துருவேன்னு தோணும். அந்தப் பயந்தான்.”

அவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாள். “இத எங்கிட்ட சொல்லியதுக்கு என்ன? கையப் பிடிச்சி ஏத்தியிருக்க மாட்டேனா? கோவம்னு நெனச்சி அந்தப் பிள்ளையும் நானும் எத்தன தடவ கண்ணீரு விட்டுக் கரைஞ்சோம், தெரியுமா?”

அடுத்த அமர்வில் ஆலோசகரிடமும் அதே சொற்களைச் சொன்னேன். “வெப்ராளம்னா என்ன சார்?” என்று கேட்டார். பதற்றம், தவிப்பு, பரபரப்பு என்று ஏட்டுச் சொற்களாக அடுக்கிப் பார்த்தேன். எதுவும் முழுதாகப் பொருந்தவில்லை. பிறகு இரணியல் நடைமேடையில் என்ன நேர்ந்தது என்பதை எங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொன்னேன். “இப்பத்தான் சார் எனக்குத் தெரியுது” என்றார் அவர். அமர்வுகள் தொடர்கின்றன.

மனைவியிடம் உண்மையைச் சொன்ன அன்றிரவே, அவள் சொல்லி அறிந்து மகள் அழைத்தாள். வெகுநேரம் அழுதாள்.

“பயம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, பிள்ளையத் தூக்கிட்டு நாங்க அங்க வந்திருப்போமேப்பா. ரெண்டு வீட்டாளும் அங்கதான இருக்காவ? ஊர்லயே ஞானஸ்நானம் குடுத்திருக்கலாமே.”

ஞானஸ்நானம் வாழ்நாளில் ஒருமுறைதான்.