ஆயுத பூஜைக்குப் பளபளத்த சுத்தியல்

விஜயதசமி காலையில் பட்டறையைத் திறந்து, பூஜையில் வைத்திருந்த என் சுத்தியலைக் கையில் எடுத்தேன். அதன் முகத்தில் என் முகம் தெரிந்தது. விரலால் தடவிப் பார்த்தேன், கண்ணாடிபோல் வழவழத்தது.

அந்தச் சுத்தியலின் முகம் முழுக்கப் பொடிக் குழிகள் இருக்கும். தங்கத் தகட்டை அடைகல்லில் வைத்துத் தட்டினால் மணல் தூவியதுபோல் சொரசொரப்பு விழும். ஸ்ரீரங்கத்து மாமி ஒருவர் அந்த வேலைப்பாட்டில்தான் மகளுக்கு ஒரு ஜோடி வளையல் கேட்டிருந்தார். ஒன்று முடிந்துவிட்டது. மற்றது இன்னும் வெறும் தகடு. அன்று மாலை நிச்சயதார்த்தம்.

"யாரு இதத் தேச்சது?" என்று கத்தினேன்.

பாலிஷ் போடும் செல்வி முன்னால் வந்தாள். பெரியகடை வீதியில் எங்கள் பட்டறைக்கு வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. "நான்தாண்ணே. சாமிக்கு வைக்கிறது சொறி சொறியா இருக்கேன்னு எமரித் தாள் போட்டுத் தேச்சு, பாலிஷ் போடுற பஃப் சக்கரத்துல குடுத்தேன்."

முதலாளிக்கு வாய் முந்திக்கொள்ளும். "மாமி வர்றதுக்குள்ள ஜோடி சேரலைன்னா நாளைலேர்ந்து நீ வர வேண்டாம்மா."

அவள் சம்பாத்தியத்தில்தான் வீடு நடக்கிறது. கண்ணீரை அடக்கிக்கொண்டு நின்றாள். எனக்கும் அவள்மேல் ஆத்திரம்தான். ஆனால் ஆத்திரப்பட்டால் குழி திரும்பி வருமா?

சுத்தியல் முகத்தை உளியால் கொத்தி, செப்புத் தகட்டில் தட்டிப் பார்த்தேன். கீறலாக விழுந்தது. கொத்தியதை மறுபடி வழவழப்பாக்கச் சொல்லிச் செல்வியிடமே கொடுத்துவிட்டு, மாமிக்கு போன் போட்டேன். பழைய சொரசொரப்பு இனி வராது, முடிந்த வளையலையும் இந்த வழவழப்பான முகத்தாலேயே தட்டி ஜோடி சேர்க்கலாம் என்றேன்.

"என்னமோ பண்ணுங்கோ. ரெண்டும் ஒண்ணா இருக்கணும். சம்பந்தியாத்துல கையத்தான் பாத்துண்டிருப்பா."

தட்டத் தட்டத் தங்கம் இறுகும். நடுநடுவே நெருப்பில் காய்ச்சாவிட்டால் விரிசல் விடும். அதிலும் முடிந்த வளையலில் பற்றவைத்த இணைப்பை நம்பவே முடியாது. காய்ச்சுவதும் தட்டுவதுமாக அந்த இணைப்பருகே வந்தபோது மெல்லியதாக ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. விரிசலோ என்று சுத்தியலைக் கீழே வைத்தேன். செல்வி குனிந்து துணியால் துடைத்தாள். வெறும் கரி. மறுபடி சுத்தியலை எடுத்தேன்.

இரண்டாவது வளையலையும் தட்டிப் பற்றவைத்துக் கழுவும்போது மாமி வாசலில் நின்றார். இரண்டையும் டியூப்லைட்டுக்கு நேரே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் கேட்டது வேற. ஆனா இதுவும் நன்னாருக்கு. சின்னச் சின்னதா எப்படி மின்னறது! யார் கை வேலை?"

முதலாளி என்னைக் காட்டினார். "தட்டினது நான் மாமி. மின்னுறது இந்தப் பொண்ணு வேலை" என்றேன்.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குக் கருவியைக் கையில் கொடுத்தால் மட்டும் போதாது. அதில் எது அழுக்கு, எது வேலை என்று சொல்ல வேண்டும். செல்விக்கு அதை நாங்கள் யாரும் சொல்லவில்லை. இப்போது எங்கள் பட்டறைக்கு யார் வந்தாலும் முதல் நாள் சுத்தியல் வரிசைக்கு முன்னால் நிறுத்திச் சொல்லித் தருவது அவள்தான்.

"இந்தக் குழியெல்லாம் அழுக்கு இல்லைங்க. தொடைங்க, போதும். தேய்ச்சிடாதீங்க."