மூன்று நாள் செட்டு

என் மகளுக்குப் பதினோரு வயது. இதய வால்வு பழுதாகியிருக்கிறதா என்று பார்க்க அவளை எக்கோ எடுக்கும் அறைக்குள் கூட்டிப் போயிருந்தார்கள். நான் வெளியே பெஞ்சில் கிடந்து தவித்தேன். எல்லாம் ஒரு தொண்டை வலியில் தொடங்கியது. தென்காசியில் ஒரு மெடிக்கலில் ஒன்பது வருஷமாகத் தொண்டை வலிக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள் நான். இந்தக் கேவலத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

குற்றாலத்தில் சீசன் வந்துவிட்டால் எங்கள் கடையில் மூச்சுவிட நேரமிருக்காது. ஐந்தருவியில் மணிக்கணக்காக நின்றுவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்து, "அக்கா, ஒரு செட்டு குடுங்க" என்பார்கள். செட்டு என்றால் காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, கூடவே ஓர் ஆன்டிபயாட்டிக். மூன்று நாளைக்குக் கவரில் போட்டுக் கொடுப்போம். பழியெல்லாம் அருவித் தண்ணீருக்குத்தான். பக்கத்தில் நின்று தும்மியவனிடமிருந்து ஒட்டிக்கொண்ட வைரஸ் என்று யார் நினைக்கிறார்கள்? அந்தச் சளி பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானாகப் போய்விடும். ஆன்டிபயாட்டிக் அதை ஒன்றும் செய்யாது. எனக்கு இது நன்றாகவே தெரியும். தெரிந்தேதான் கொடுத்தேன். மாட்டேன் என்றால் முதலாளி முறைப்பார்.

சாரல் விடாமல் விழுந்த ஒரு சாயங்காலம், மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வாடிப்போய் வந்தாள்.

"உம்மா, எச்சி முழுங்க முடியல. தொண்டை வலிக்கு."

"ஐஸ் தின்னியாட்டி?"

"இல்ல உம்மா, சத்தியமா."

உடம்பு அனலாகக் கொதித்தது. போன் வெளிச்சத்தில் வாய்க்குள் பார்த்தேன். தொண்டையின் இரண்டு பக்கமும் சிவந்து வீங்கி, வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. கழுத்தில் நெறி கட்டியிருந்தது. மூக்கு ஒழுகவில்லை, இருமலும் இல்லை. இது வழக்கமான சளி இல்லை, டாக்டரிடம் காட்ட வேண்டியது என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கே உறைத்தது? கடையிலிருந்து ஒரு செட்டு எடுத்துவந்தேன்.

சவுதியிலிருந்து அவள் வாப்பா போனில் கேட்டார். "டாக்டர்ட்ட காட்டுனியா?"

"நானே பாதி டாக்டர்தான். நீங்க சும்மா இருங்க" என்றேன். என்ன திமிர் எனக்கு!

மூன்றாம் நாள் பிள்ளை துள்ளிக் குதித்தாள். மாத்திரை முடிந்தது, நானும் அதை மறந்துபோனேன்.

மூன்று வாரம் கழித்து முட்டு வீங்கியது. அது வடிவதற்குள் கணுக்கால் வீங்கியது. வளர்கிற பிள்ளைக்கு வருகிற வலி என்று தைலம் தேய்த்துவிட்டேன். பள்ளிக்கூட மாடிப்படி ஏற மூச்சு வாங்குகிறது என்று அவள் சொன்ன பிறகுதான் பயந்துபோய்த் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் அவள் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு, "போன மாசம் தொண்டை வலி வந்துச்சா?" என்றார். "ஆமா, மூணு நாள் மாத்திரை தின்னா" என்று மட்டும் சொன்னேன். தொண்டைக் கிருமியை முழுசாகக் கொல்லாமல் விட்டால், அதை எதிர்த்துச் சண்டை போடுகிற உடம்பு சில பிள்ளைகளுக்கு மூட்டையும் இதயத்தையுமே தாக்கிவிடுமாம். அதற்குத்தான் எக்கோ.

படம் வந்தது. டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்தார்.

"வால்வுல கசிவு இருக்கு. மூணு வாரத்துக்கு ஒருக்க பென்சிலின் ஊசி போடணும். ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இல்ல, பல வருஷம். திரும்ப ஒரு தொண்டை வலி வந்தா வால்வு இன்னும் கெட்டுப்போகும். பத்து நாள் மாத்திரை தின்னிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. மூணு நாள்ல யாரு நிறுத்தினது?"

நான் தரையைப் பார்த்தேன். யா அல்லாஹ், சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"நான்தான் டாக்டர்" என்றாள் மகள். "கசக்குன்னு தூரப் போட்டுட்டேன். உம்மா திங்கத்தான் சொன்னா."

டாக்டர் அவளை ஏசத் தொடங்கினார். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.